புகாராவில் இடம் பிடித்தவர்

பேருந்தின் கதவு புஸ்ஸென்று திறக்கும். அடுத்த நொடி தடதடவென்று காலடிகள். ஜொகூர் பாலத்தைத் தாண்டுவதற்கு முன் கடப்பிதழைக் காட்ட எல்லாரும் இறங்க வேண்டிய இடம் அது. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் அங்கே நடப்பதில்லை. தூக்கம் கலையாத முகத்தோடு, முதுகுப் பையை நெஞ்சில் மாட்டிக்கொண்டு, தகரக் கூரையில் மழை கொட்டுகிற மாதிரி படிகளில் ஓடுகிறார்கள். எப்போதாவது அந்தப் பக்கம் போகிற நான் சுவரோரம் ஒதுங்கி வழிவிடுவேன். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் போதும், எங்கேயோ இருக்கிற புகாரா நகரமும் அவரும் சேர்ந்தே வந்து நின்றுவிடுகிறார்கள்.

முப்பது வருடம் அந்தப் படியில் ஓடியவர் அவர். மாசாயிலிருந்து மோட்டாரில் வந்து, பஸ் ஏறி, இறங்கி, ஓடி, மறுபடி பஸ் ஏறி, சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்த்துவிட்டு, சாயங்காலம் அதே படியில் எதிர்த் திசையில் ஓடி வந்தவர். எந்த முகப்பில் எந்த அதிகாரி என்று அவருக்கு மனப்பாடம். "கண்ணாடி போட்ட அம்மா ஸ்லோ. மீசைக்காரர்கிட்ட போனா டப்பு டப்புன்னு அடிச்சி அனுப்பிடுவாரு," என்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். கால்களுக்கு மட்டும் யாரும் அதைச் சொல்லவில்லை.

வரிசையைக் கண்டால் அவரால் சும்மா போக முடியாது. எதற்கான வரிசை என்பது இரண்டாவது கேள்வி.

"மொதல்ல நில்லு தங்கச்சி, அப்பறம் கேளு. கேட்டுட்டு நிக்கலாம்னு போனா உனக்கு முன்னால பத்து பேரு நிப்பான்."

இந்தக் கொள்கையால் ஒருமுறை பேரங்காடியில் ஒரு வரிசையில் போய் நின்று, ஏதோ இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று அரை மணி நேரம் பொறுத்து, கடைசியில் இரத்ததானம் செய்துவிட்டு வந்திருக்கிறார். கையில் பிளாஸ்திரியும் ஒரு பொட்டலம் மைலோ பானப்பொடியும். "நான் சும்மா இலவசம்னு கேள்விப்பட்டதும் நின்னுட்டேன். கொடுக்கிறது நானுன்னு யாரும் சொல்லல," என்று வீட்டில் விளக்கம் சொன்னாராம். வருத்தமெல்லாம் இல்லை. அவருக்கு முன்னால் நான்கு பேர்தான் நின்றார்கள் என்பதில்தான் அவருக்குப் பெருமை.

இதை எனக்குச் சொன்னவர் அவர் மனைவி. ஆறு வருடத்துக்கு முன்னால் ஜொகூரிலிருந்து பன்னிரண்டு பேர் உஸ்பெகிஸ்தான் சுற்றுலாவுக்குக் கிளம்பினோம். பெரும்பாலும் ஜோடி ஜோடியாகத்தான் வந்திருந்தார்கள். நான் தனியாக. ஓரிடத்தில் ஆறு மாதம் உட்கார்ந்தால் உள்ளங்கால் அரிக்கிற ஆள் நான். எங்கே போகிறார்கள் என்று கூட முழுதாகக் கேட்காமல் பெயர் கொடுத்திருந்தேன். விமானத்தில் அந்தத் தம்பதிக்குப் பக்கத்து இருக்கை எனக்கு.

விமானம் தரையைத் தொட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் எழுந்து, பெட்டி வைக்கும் தட்டின் கீழே கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றார். பணிப்பெண் மூன்று முறை உட்காரச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். அவர் மனைவி, அந்த அக்கா, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "என்னைக் கல்யாணம் பண்ணப்பவும் இப்படித்தான் மா. ஐயர் சொல்றதுக்கு முன்னாடியே தாலிய எடுத்துட்டாரு."

புகாராவில் முதல் நாள் காலை. விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் எங்கள் குழுவுக்கு முன்பே இறங்கி வந்து, ஒரு மேசையைச் சுற்றி ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு டிஷ்யூ பொட்டலம் வைத்திருந்தார். சிங்கப்பூர் உணவங்காடியில் அதற்கு ஒரே அர்த்தம்: இங்கே ஆள் வருகிறது, உட்காராதே. புகாராவில் அதற்கு எந்த அர்த்தமும் இல்லை. பரிமாறுகிற பெண் ஆறு பொட்டலங்களையும் பொறுக்கி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, மறந்துவிட்டீர்கள் என்று சைகை காட்டிக் கொடுத்தாள். இவர் நன்றி சொல்லி வாங்கி மறுபடி வைத்தார். அவள் மறுபடி பொறுக்கி வந்தாள். மூன்றாம் முறை ஒரு சின்னப் பையில் போட்டு, வாயைக் கட்டிக் கொடுத்தாள். ஞாபகமறதி உள்ள பெரியவர் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. அவருக்கு மட்டும் கூடுதலாக ஒரு முட்டை வந்தது.

அந்த மேசையில்தான், வெள்ளரித் துண்டுகளை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே, அக்கா மெர்சிங் கதையைச் சொன்னார்.

மூன்று மாதத்துக்கு முன் இருவரும் தீவுக்குப் போகக் கிளம்பியிருக்கிறார்கள். முப்பத்தைந்தாவது கல்யாண நாள். மெர்சிங் படகுத்துறையில் கூட்டம். அக்காவுக்கு முட்டி வலி. படி ஒவ்வொன்றாகத்தான் இறங்க முடியும். "மெதுவா வா, நான் இடம் பிடிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு இவர் ஓடினார். நிழல் விழுகிற பக்கம் நல்ல இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் துண்டையும் விரித்துவிட்டார். படகுக்காரனுக்குத் துண்டும் ஆள் கணக்குதான். படகு நிறைந்துவிட்டது என்று கயிற்றை அவிழ்த்துவிட்டான்.

"நான் கடைசிப் படியில நிக்கிறேன். படகு போவுது. இவரு எழுந்து நின்னு கத்துறாரு. என்னா கத்துறாருன்னு நெனைக்கிற? 'இடம் இருக்கு! இடம் இருக்கு!'ன்னு அந்தத் துண்டைக் கைய நீட்டிக் காட்டுறாரு. கடல் நடுவுல."

கடல் வற்றிவிட்டதால் அடுத்த படகுக்கு நான்கு மணி நேரம் என்றார்களாம். அக்கா நான்கு நிமிடம்கூட நிற்கவில்லை. பஸ் பிடித்து மாசாய்க்கே திரும்பிவிட்டார். பொந்தியானில் இருக்கிற மகள், "எங்க வீட்டுக்கு வந்துடுங்கம்மா, நிம்மதியா இருக்கலாம்," என்று ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். அக்கா துணிமணிகளைக் கட்டிவிட்டார். இந்தப் பயணத்துக்கு ஏற்கெனவே டிக்கெட் எடுத்துவிட்டதால் ஒரு தவணை கொடுத்து அவரிடம் சொன்னாராம்: பயணம் முடிகிற வரை ஒரு தடவைகூட என்னை விட்டுவிட்டு முன்னால் போகக்கூடாது. போனால், திரும்பி வந்து இறங்கியதும் நேராகப் பொந்தியான். மாசாய் வீட்டுக்கு நான் வரமாட்டேன்.

அவர் தேநீரை ஊதிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "நல்ல இடம் தங்கச்சி. காத்து வரும். வெயிலும் அடிக்காது," என்றார், மெர்சிங் படகைப் பற்றி.

எங்களுக்கு வழிகாட்ட வந்தவள் அந்த ஊர்ப் பெண், ஆங்கிலத்தில் பேசினாள். மலேசியாவிலிருந்து நிறையப் பேர் வருவதால் மலாயில் இரண்டு மூன்று சொல் பழகியிருந்தாள். மஞ்சள் கொடியைத் தூக்கிப் பிடித்து, "ஜோம், ஜோம்!" என்று சொல்லிக்கொண்டே கிளம்பினாள். ஜொகூர்க்காரர்களை ஜோம், அதாவது வா போவோம், என்று சொல்லி ஒருத்தி இழுத்துப் போனால் எப்படி நிற்பது? குழு பறந்தது. அவர் மட்டும் கடைசியில், அக்காவின் குடையை ஒரு கையிலும் கைப்பையை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு, அரையடி அரையடியாக நடந்தார். மோட்டார் வண்டியை முதல் கியரிலேயே ஓட்டிப் போகிறவர் மாதிரி அவர் உடம்பு முழுதும் உறுமிக்கொண்டிருந்தது.

பழைய கல்லறைக் கட்டடம் ஒன்று. ஆயிரம் வருடத்துக்கு மேல் இருக்கும் என்றாள் அந்தப் பெண். வெறும் செங்கல்தான், ஆனால் பாய் முடைகிற மாதிரி முடைந்திருந்தார்கள். வெயில் நகர நகர சுவரும் நிறம் மாற்றிக்கொண்டே இருந்தது. நான் அதில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் பார்த்தது வேறு. பக்கத்தில் நோய் தீர்க்கும் ஊற்று என்று ஒரு கட்டடம், அதன் வாசலில் தண்ணீருக்கு நிற்கிற மனிதர்கள்.

"ஏம்மா," என்றார் அவர். "வரிசை."

"தெரியுது."

"முட்டிக்கு நல்லதாம் அந்தத் தண்ணி."

"யாரு சொன்னா?"

"இல்லாட்டி ஏன் நிக்கிறாங்க?"

அக்கா அவரை ஒரு தரம் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, "சரி வாங்க," என்று அவரோடு போய் நின்றார். வரிசையில் அவர் ஜொலித்தார். முழங்கையை எந்தக் கோணத்தில் வைக்க வேண்டும், முன்னால் நிற்பவரின் குதிகாலைப் பார்த்தே அவர் எப்போது நகர்வார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்றெல்லாம் மனைவிக்கு விளக்கினார். முப்பத்தைந்து வருடத்தில் முதல்முறையாக அக்கா அவருடைய தொழிற்சாலைக்குள் வந்ததைப் போல இருந்தது. தண்ணீர் லேசாகக் கரித்தது. "உப்பு," என்றார் அக்கா. "மருந்துன்னா அப்படித்தான்," என்றார் அவர். அக்கா சிரித்துவிட்டார். தப்பித்துவிடுவார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

கோட்டை வாசலில் சீட்டு வாங்குகிற வரிசை: தாண்டிவிட்டார். பெரிய கோபுரத்தடியில் படம் எடுத்துக்கொள்ள ஒரு வரிசை: கண்ணை மூடிக்கொண்டு தாண்டிவிட்டார். கோபுரத்தை நான் அண்ணாந்து பார்த்தேன். கீழிருந்து மேல்வரை சுற்றுச் சுற்றாகச் செங்கல் வேலை, மட்டை வெட்டிய செம்பனையின் உடம்பைப் போல. அந்தக் காலத்தில் பாலைவனத்தில் வருகிற ஒட்டக வணிகர்களுக்கு இதன் உச்சியில் விளக்கேற்றி வழிகாட்டினார்களாம். "பட்டு, தோல், மிளகு எல்லாம் இந்தச் சந்துகள் வழியாகத்தான் போனது," என்று எங்களைக் கடைவீதியின் குவிமாடங்களை நோக்கி இட்டுப்போனாள் அந்தப் பெண்.

சந்து. இரு பக்கமும் மண் சுவர். எங்கிருந்தோ சீரகமும் ஆட்டுக்கொழுப்பும் வேகிற வாசனை. ஆளுயர எக்காளம் ஒன்று யானை பிளிறுவதைப் போல முழங்கியது. அக்கா காலணிக்குள் கல் என்று ஒரு கல்மேடையில் உட்கார்ந்தார். நான் குனிந்து உதவினேன். நிமிர்ந்தபோது அவர் இல்லை.

சந்தின் இந்த முனை, அந்த முனை, இல்லை. வழிகாட்டிப் பெண் கொடியை அக்குளில் சொருகிக்கொண்டு, ஆள் எண்ணினாள். பதினொன்று. மறுபடி எண்ணினாள். பதினொன்று. அவளுக்கு வியர்த்துவிட்டது. குழு முழுதும் ஆளுக்கொரு திசையாகப் போய்க் கூப்பிட்டது. அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை. காலணியை நிதானமாக மாட்டிக்கொண்டார்.

"விடுங்கம்மா," என்றார். "பொந்தியான்தான்."

கண்டுபிடித்தது எக்காளத்தின் சத்தத்தை வைத்துத்தான். அடுத்த திருப்பத்தில் ஒரு வீடு, இரட்டைக் கதவும் திறந்து கிடந்தது. வாசலில் சுவரோரமாக ஆறேழு ஆண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். நெடிய கோடுபோட்ட அங்கி, இடுப்பில் துணிக்கச்சை. மூன்றாவதாக, எங்கள் சுற்றுலா நிறுவனத்தின் ஆரஞ்சு டீ-சட்டையில், அவர். தலையில் கறுப்பு வெள்ளைப் பூவேலை போட்ட தொப்பி. (அங்கேயும் அதை ஏறக்குறைய தொப்பி என்றேதான் சொல்கிறார்கள்.) வெறும் தலையில் வெயில் படுகிறதே என்று பக்கத்தில் நின்ற கிழவர் மாட்டிவிட்டிருக்கிறார். உள்ளே போகிற ஒவ்வொருவரும் அவர் முன் நின்று, நெஞ்சில் கை வைத்துக் குனிந்து சலாம் சொன்னார்கள். ஜொகூரில் பிறந்து வளர்ந்தவருக்குப் பதில் சலாம் சொல்லித்தர வேண்டுமா? கணீரென்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இங்க என்னா பண்றீங்க?" என்றேன்.

"ஷ்ஷ். வரிசையில இருக்கேன்."

"எதுக்கு வரிசை?"

"இனிமேதான் கேக்கணும். வாசத்தப் பாத்தியா?" குரலைத் தாழ்த்தினார். "ஆனா மோசமான வரிசை தங்கச்சி. அரை மணி நேரமா ஒரு அடி நகரல. வரவனெல்லாம் வரிசைய வெட்டிக்கிட்டு உள்ள போறான். வெட்டிக்கிட்டுப் போறவன் சலாம் வேற சொல்லிட்டுப் போறான்! இவ்ளோ மரியாதையா வெட்டுறவனுங்கள நான் எங்கயும் பாத்ததில்ல."

வழிகாட்டிப் பெண் வந்தாள். பார்த்தாள். சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மூச்சு திரும்பியதும் சொன்னாள்: "அங்கிள், இது வரிசையே இல்லை. இது கல்யாண வீடு. இவர்கள் மாப்பிள்ளை வீட்டு ஆண்கள். விருந்துக்கு வருகிறவர்களை வரவேற்க நிற்கிறார்கள்."

அவர் தொப்பியைத் தொட்டுப் பார்த்தார். "அலமாக்! அப்ப நான் யாரு?"

அவள் அந்தக் கிழவரிடம் அவர்கள் மொழியில் கேட்டாள். பெண் வீட்டுச் சொந்தம், தூரத்து ஊரிலிருந்து வந்திருக்கிறார், பாசத்தில் நம்மோடு நிற்கிறார் என்று மாப்பிள்ளை வீட்டார் நினைத்திருக்கிறார்கள். வாசலில் நின்று வரவேற்கிறார், மாப்பிள்ளைக்குப் பெரியப்பாவாகத்தான் இருக்கும் என்று பெண் வீட்டார் நினைத்திருக்கிறார்கள். வாசலில் நிற்கிற மனிதரை நீ யார் என்று கேட்கிற பழக்கம் இரண்டு பக்கமும் இல்லை.

சந்தே சிரித்தது. அங்கிக்காரர்கள் அவர் முதுகில் தட்டினார்கள். எக்காளக்காரர் அவர் காதருகே ஒரு முழக்கம் போட்டார். சிரிக்காதவர் ஒருவர்தான். அக்கா மெதுவாக நடந்து வந்து, அவருக்குப் பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் விட்டு, அக்காவின் குடை படுத்திருந்தது. அந்த வீட்டு ஆண்களும் என்னவோ ஏதோ என்று அதை மிதிக்காமல் தள்ளி நின்றிருந்தார்கள்.

"உனக்குத்தான்," என்றார் அவர். "உனக்கு இடம் வச்சிருக்கேன்."

"மெர்சிங்ல துண்டு. இங்க கொடையா?"

அவர் குனிந்து குடையை எடுத்தார்.

"எனக்கு இடம் வேணும்னு என்னைக்காவது கேட்டனா? கூட வாங்கன்னுதான் கேட்டேன். ஏங்க, முப்பத்தஞ்சு வருஷமா அதத்தான கேக்குறேன்?"

அந்த மொழி அங்கே எங்கள் குழுவுக்கு மட்டும்தான் புரியும். ஆனாலும் எக்காளம் நின்றுவிட்டது. கிழவர் வழிகாட்டிப் பெண்ணிடம் ஏதோ கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். அவர் தாடியைத் தடவிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். அவள் மொழிபெயர்த்தாள்: "இந்த மனிதர் எங்களோடு நின்றார், அதனால் எங்கள் ஆள். வாசலில் நிற்கிறவர்கள் எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவோம். அந்த அம்மா விருந்தாளி. முதலில் அவர் சாப்பிடட்டும்."

உள்ளேயிருந்து இரண்டு பெண்கள் வந்து அக்காவின் கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். நானும் போனேன். பெண்கள் முற்றத்தில் கம்பளமும் திண்டுகளும். தட்டு தட்டாகக் கேரட்டும் கறியும் மின்னுகிற சோறு. எங்கள் குழு வாசலோரம் நின்றே ஆளுக்கொரு வாய் சாப்பிட்டது. அக்காவை முதல் இடத்தில் உட்கார வைத்து, முட்டியைப் பார்த்துவிட்டு அதற்கு ஒரு கம்பளிச் சால்வையைச் சுற்றி, தாம்பாளம் அடிக்கிற மாதிரி ஒரு வாத்தியத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அக்கா தட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அவசரமே இல்லை.

வெளியே குழு கிளம்பத் துடித்தது. இன்னும் குவிமாடக் கடைவீதி முழுதும் பாக்கி. பெண்கள் முற்றத்துக்குள் ஆண்கள் போகக்கூடாது. அக்காவும் எழுந்து வருவதாக இல்லை.

"நீங்க போங்க," என்றார் அவர். "நான் இருக்கேன்."

"அண்ணே, மத்த இடமெல்லாம் போயிடும். நாளைக்குக் காலையில ரயில் ஏறுறோம்."

"போவட்டும் லா."

எனக்குக் கால் நிற்காது. போனேன். தொப்பிக்காரர்களின் குவிமாடம், பொற்கொல்லர்களின் குவிமாடம், முசுக்கட்டை மரங்கள் சூழ்ந்த குளம். எதையும் சரியாகப் பார்க்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து நான் மட்டும் அந்தச் சந்துக்குத் திரும்பி வந்தேன்.

வாசலில் வரவேற்கிறவர்கள் யாரும் இல்லை; எல்லாரும் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் தனியாக நின்றிருந்தார். கல்மேடையில் அவருடைய தட்டு, மேலே இன்னொரு தட்டால் மூடி.

"சாப்பிடலையா அண்ணே?"

"அவ வரட்டும்."

"உக்காரவாவது செய்யலாமே. பக்கத்துலயே மேடை இருக்கு."

"உக்காந்துட்டா, அவ வெளிய வரப்ப என்னத் தேடுவா."

அக்கா வந்தார். முட்டியில் சால்வை, உள்ளங்கையில் யாரோ திணித்த மிட்டாய். இடமும் வலமும் பார்த்தார்.

"எல்லாரும் எங்க?"

"போயிட்டாங்க."

"நீங்க?"

"இங்கதான்."

"ஊரையே பாக்காமயா?"

"தங்கச்சி போட்டோ காட்டும்."

அக்கா குடையை வாங்கி விரித்தார். அவர் ஆறிய சோற்றை நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, தட்டை உள்ளிருந்து வந்த கிழவரிடம் கொடுத்து, தொப்பியைக் கழற்றப் போனார். கிழவர் விடவில்லை. அந்தத் தொப்பியோடு, அரையடி அரையடியாக, மஞ்சள் வெயிலில் அவர்கள் விடுதிக்கு நடந்தார்கள். அவர் உடம்பில் காலையில் கேட்ட உறுமல் இல்லை. பின்னால் நடந்து வந்த எனக்குத்தான் அந்த வேகத்தில் நடப்பது பெரும்பாடாக இருந்தது.

ஐந்து நாள் கழித்து ஜொகூர் பேருந்து நிலையத்தில் இறங்கினோம். அன்றைக்குப் பிறகு அவர்களை நான் பார்க்கவில்லை. மகள் காடியை ஓட்டிவந்து காத்திருந்தாள். அக்கா தன்னுடைய பெட்டியை மட்டும் அதில் ஏற்றச் சொன்னார்.

"நெசமாவே போறியா?" என்றார் அவர். தொப்பி இன்னும் தலையில் இருந்தது.

"சொன்னா சொன்னதுதான். புகாராவுல காலையில விட்டுட்டுத்தான போனீங்க?"

"அப்ப மத்தியானம் நின்னேனே, அதுக்கு ஒண்ணும் இல்லையா?"

"அதனாலதான் ஒரு வாரம். இல்லாட்டி ஒரேயடியா போயிருப்பேன்." அக்கா முன் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினார். "அடுத்த ஞாயித்துக்கிழம வந்து கூட்டிட்டுப் போங்க."

அவர் உடனே என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, பொந்தியானுக்கு மொத பஸ் எத்தனை மணிக்கு?"

நகர்ந்துகொண்டிருந்த காடியின் கண்ணாடி இறங்கியது. அக்கா தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

"மொத பஸ்ஸுல வந்து வாசல்ல நிக்காதீங்க! சோறு வடிக்கிற நேரத்துக்கு வந்தா போதும்!"